வாயில் விரல்

ஜனவரி 6, திங்கள்

போட்டோகிராபி பாடம் எடுக்கும் திருமாறன் சாரிடம் கொடுக்க ஒரு நோட்டு தனியாக இருக்கிறது. அதில் வெளிச்சம், கோணம், எந்தத் தெரு, எத்தனை மணி என்று நல்ல பிள்ளையாக எழுதி வைக்கிறேன். இது வேறு. என் மகள் மெர்லியின் போன வருஷத்து எல்.கே.ஜி. நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். இதில் கோபத்தை மட்டும்தான் எழுதப் போகிறேன். வீட்டில் நின்று நிதானமாகக் கோபப்பட எனக்கு நேரம் கிடையாது.

முதல் கோபம்: அட்டெண்டன்ஸ். எழுபத்தொரு சதவீதமாம். எச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டு, "ஏம்மா, மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் வீடு இல்லையா?" என்றார். மற்ற பிள்ளைகளுக்கு இருபது வயது மேடம், அவர்கள் வீட்டில் அவர்களுடைய அம்மா சமைக்கிறார். எனக்கு இருபத்தைந்து. முதல் வருஷத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். பிள்ளை பெற்று, அது பேசக் கற்று, நடக்கக் கற்ற பிறகு திரும்பி வந்து விஸ்காம் மூன்றாம் வருஷம் வரை ஊர்ந்து வந்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்னேனா? "சாரி மேடம்" என்றேன்.

போன மாதம் மெர்லிக்குப் பள்ளி லீவு. ஒரு நாள் காலேஜுக்குக் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்துவிட்டார். "குழந்தைங்கள உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்மா." நாய் மூன்று உள்ளே படுத்திருந்தது. அதற்கு ஆர்டர் இல்லை.

ஜனவரி 8, புதன்

என் நாள் இதுதான். ஐந்தரைக்கு எழுந்து சோறு, குழம்பு, மூன்று டிபன் பாக்ஸ். எட்டரையிலிருந்து ஒன்றரை வரை காலேஜ். மெர்லிக்குப் பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டுவிடும். நான் வரும்வரை பக்கத்து வீட்டு சகாயம் அக்கா பார்த்துக்கொள்வார். இரண்டு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கேமராவைத் தோளில் மாட்டினால் ஐந்து மணி வரை திருச்சி முழுக்க என்னுடையது. பாலக்கரை, மரக்கடை, காந்தி மார்க்கெட், சிங்காரத்தோப்பு. அந்த மூன்று மணி நேரம் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் யாரையாவது கடித்து வைத்திருப்பேன்.

தெருவில் படம் எடுக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் மெர்லி என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு கை அவள் வாயில். நான் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. அம்மா கண்ணில் கேமரா இருந்தால் மெர்லி வாயில் விரல். 'க்ளிக்' கேட்கும்வரை கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஆட்கள் திரும்பி லென்ஸைப் பார்த்துவிடுவார்கள், பல்லைக் காட்டுவார்கள், படம் செத்துப்போகும். ஐந்து வயதுப் பிள்ளை இதை இவ்வளவு அழகாகக் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சகாயம் அக்காகூட, "உன் மவ மாதிரி புள்ளைய நான் பாத்ததே இல்லடி ஜெனி" என்கிறார்.

என் புருஷன் ராஜுக்கு இது எதுவும் பிடிக்காது. துவாக்குடியில் வெல்டிங் வேலை. பேச்சில் அவனை 'நீங்க' என்பேன். இந்த நோட்டில் 'அவன்'தான். என் நோட்டு, என் மரியாதை.

"படிக்கறேன்னு சொன்ன, சரின்னேன். ஆனா புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வையி, அன்னைக்கோட காலேஜ் க்ளோஸ்." இதைச் சொல்லும்போது அவன் நான் வடித்த சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி 10, வெள்ளி

நாளைக்கு இரண்டாம் சனி, அவனுக்கு லீவு. பொங்கல் கரும்பு மார்க்கெட்டில் வந்து இறங்கும் நாள். இரண்டே இரண்டு மணி நேரம் மெர்லியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏரியா பசங்களோடு பொங்கல் மேட்ச் இருக்கிறதாம். இவன் இல்லாவிட்டால் டீமே கிடையாதாம். போன வருஷம் இவன் அடித்தது நாலு ரன்.

"நீயே கூட்டிட்டுப் போயேன். தினம் அதத்தானே பண்ற?"

ஜனவரி 11, சனி

காந்தி மார்க்கெட். கரும்பு லாரி. மெர்லியின் வலது கால் செருப்பு தொலைந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கோவிலுக்குக் கிளம்பும்போது அவன் கேட்டான். "செருப்பு எங்க போச்சு?"

"பஸ்ல விழுந்துருச்சு."

மெர்லி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவன் மேட்சில் ஜெயித்த எவர்சில்வர் டப்பாவை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 15, புதன்

மெர்லி மூன்று நாளாகப் படுக்கையில் போய்விடுகிறாள். இரண்டு வயதிலேயே நின்றுபோன பழக்கம். பொங்கல் அன்றைக்கும் பாய், போர்வை எல்லாம் துவைத்துக்கொண்டிருந்தேன். கத்திவிட்டேன். அடிக்கவில்லை. கையை ஓங்கினேன், அவ்வளவுதான். நான் குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே நின்று என் துப்பட்டாவைக் கதவிடுக்கு வழியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். விடு என்றால் விடமாட்டேன் என்கிறாள்.

"என்னடி புதுசா இருக்கு? புள்ளைய என்ன பண்ணின?" என்று கேட்கிறான்.

என்ன பண்ணினேனா? பெற்றேன், வளர்த்தேன், மூன்று நாளாக மூத்திரப் பாய் அலசுகிறேன். நீ என்ன பண்ணினாய்? எவர்சில்வர் டப்பா வாங்கினாய்.

ஜனவரி 20, திங்கள்

வியாழக்கிழமை புராஜெக்டுக்குப் படம் கொடுக்க வேண்டும். திருமாறன் சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொறுக்கி எடுத்த பத்துப் படம் அவருக்கு வேண்டாம். ஒரு நாள் எடுத்ததை அப்படியே, எடுத்த வரிசையிலேயே, ஒன்றைக்கூட அழிக்காமல் மெமரி கார்டோடு கொடுக்க வேண்டும். மூன்று வருஷமாக அதே வசனம்: "அழிக்கறவன் போட்டோகிராபர் கிடையாது. பயந்தவன்."

கரும்பு லாரி சனிக்கிழமை எடுத்த கார்டு ரவை டப்பாவுக்குள் கிடக்கிறது. வந்த அன்றைக்கே கழற்றிப் போட்டேன். இன்னும் பார்க்கவில்லை. வேறு நல்ல வரிசை என்னிடம் இல்லை. அதற்கு முந்தைய மாதம் பாதி நாள் காய்ச்சல், பரீட்சை, மறுபடி காய்ச்சல்.

பயந்தவள் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. அதையே கொடுத்துத் தொலைக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

சார் கார்டைப் போட்டு, படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாகக் காட்டினார். முப்பத்தாறாவது படத்தில் நிறுத்தினார். நேரம் 4.12 என்று கீழே காட்டியது.

லாரியிலிருந்து கரும்புக் கட்டு விழுகிறது. கட்டு அவிழ்ந்து அந்தரத்தில் நிற்கிறது, ஒரு கரும்பும் இன்னும் தரையைத் தொடவில்லை. கீழே ஆறேழு பேர் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அது சுவரில் வந்த உடனே தெரிந்துவிட்டது. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சார் கரும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பெரிதாக்கினார். அங்கே ஒரு குழந்தை. மஞ்சள் கவுன். ஒரு காலில் செருப்பு இல்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கை விரல் வாயில். இன்னொரு கை தோள் உயரத்துக்குத் தூக்கி எதையோ பிடித்தமாதிரி இறுக மூடியிருக்கிறது. அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை.

"இங்க பாருங்க. அத்தனை பேரும் கத்தறான். இந்தப் பாப்பா மட்டும் 'உஷ்'ங்குது. இந்த விரல்தான் படமே." சார் என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இது?"

"தெரியல சார். மார்க்கெட்ல யாரோட புள்ளையோ."

என் வாயால்தான் சொன்னேன்.

பக்கத்திலிருந்த பைரவி, "செருப்புகூட இல்ல பாருங்கக்கா. இவ்ளோ கூட்டத்துல விட்டுட்டு அவங்கம்மா என்னதான் பண்ணிட்டிருந்தாங்களோ" என்றாள்.

"ரீல்ஸ் பாத்திட்டிருந்திருக்கும்" என்று பின்னால் ஒரு பையன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தனை பேரில் ஒருவராவது அப்பன் எங்கே போனான் என்று கேட்டார்களா? ஒரு பேச்சுக்குக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஏழு படம், எல்லாம் கலங்கல். தரை, யாருடைய காலோ, சாக்கு, தரை. பிறகு ஒன்றுமே இல்லை. "நல்ல வெளிச்சம் இருந்திருக்கே, ஏன் நிறுத்திட்ட?" என்று சார் கேட்டார். சார்ஜ் போய்விட்டது என்றேன். "இந்த ஏழு?" கை பட்டு அமுங்கிவிட்டது என்றேன். "நல்லா இருக்கே. ஓடற மாதிரி இருக்கு" என்றார்.

ஓடினேன் சார். அதனால்தான் அப்படி இருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

சென்னையில் மாணவர் கண்காட்சிக்கு எங்கள் காலேஜிலிருந்து ஒரே படம். அது முப்பத்தாறு. சார் ஸ்வீட் வாங்கி வந்தார். எச்.ஓ.டி. மேடம் கையைக் குலுக்கினார், அட்டெண்டன்ஸை 'பாத்துக்கலாம்' என்றார். மூன்று வருஷத்தில் அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்குத்தான்.

கூடவே ஒரு தாள். குழந்தையின் முகம் தெரிவதால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். குழந்தையின் பெயர், தாய் அல்லது தந்தை பெயர், உறவு, கையொப்பம். அடுத்த திங்களுக்குள்.

"மார்க்கெட்ல போயி விசாரிச்சுப் பாரு ஜெனிட்டா. எப்படியாவது அந்தம்மாவக் கண்டுபுடி."

கண்டுபிடிக்கிறேன் சார், தினம் கண்ணாடியில் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்டால் படத்தில் இருப்பது என் மகள் என்று ஊருக்கே தெரியும், ராஜுக்கும் தெரியும். அன்றையோடு காலேஜ் க்ளோஸ். போடாவிட்டால் படம் போகும். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி இன்னொரு பொய்.

ஜனவரி 28, செவ்வாய்

பைரவியின் யோசனை: "மார்க்கெட்ல ஏதாவது ஒரு அக்காகிட்ட கையெழுத்து வாங்கிரலாம்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

ஜனவரி 30, வியாழன்

போனேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மெர்லியை சகாயம் அக்காவிடமே விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கரும்பு இறங்கிய அன்றைக்கு மெர்லியைப் பிடித்து வைத்திருந்த வியாபாரி அக்காவைத் தேடினேன். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து விற்றவர், இப்போது கொத்தமல்லிக் கட்டு. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"புள்ள எங்க? இன்னைக்கும் தொலைச்சிட்டு வந்துட்டியா?"

"வீட்ல இருக்காக்கா."

"நல்ல புள்ளைம்மா அது. அழுவவே இல்ல. யாரு பாப்பா நீன்னு கேட்டா வாயில விரல வச்சிக்கிட்டு நிக்கிது. ஊமையாக்கும்னு நெனச்சேன். ரொம்ப நேரங்கழிச்சிக் காதுக்கிட்ட வந்து சொல்லுது, 'அம்மா போட்டோ எடுக்குறாங்க, க்ளிக்குன்னு கேட்டாத்தான் பேசணும், எனக்கு இன்னும் கேக்கலை'ன்னு."

தாளை வெளியில் எடுக்கவே இல்லை. மார்க்கெட் வாசலில் பஸ்ஸுக்கு நின்றபடிதான் இதை எழுதுகிறேன். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

லாரி பின்னால் வந்தது. "வழி, வழி" என்று கத்தினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேலே கட்டின் கயிறு தெறிப்பதைப் பார்த்தேன், கேமராவைக் கண்ணில் வைத்தேன். அப்போது என் துப்பட்டா லேசானது. கூட்டம் அவளை எதிர்ப்பக்கம் தள்ளிப்போனது படத்தில்தான் தெரிந்தது. ஆனால் பிடி விட்டுப் போனது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எடுத்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்திருக்கலாம், அதற்குள் கரும்பு கீழே விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் எடுத்தேன். அதைவிடக் கேவலம், அந்த ஒரு நொடி இழுப்பு இல்லாமல் தோள் லேசாக இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது.

பிறகு முப்பத்தைந்து நிமிஷம். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். பதில் இல்லை. எப்படி வரும்? சந்தடியில் அவளுக்குக் க்ளிக் கேட்கவில்லை. நான் கத்தியது கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள். சட்டம் போட்டவள் நான்.

மஞ்சள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் வெறுங்கால். என்னைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள். "எடுத்து முடிச்சிட்டியாம்மா?"

யார் மேல் கோபப்பட இனி? வாட்ச்மேன், மேடம், ராஜ் எல்லோர் மேலும் இன்னும் கோபம்தான். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் வரிசையில் முதலில் நிற்கிறவள் யார் என்று எனக்கு இருபது நாளாகத் தெரியும்.

பிப்ரவரி 1, சனி

ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டு அவனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். துப்பட்டா லேசானதைக்கூட.

சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். பிறகு தட்டைத் தள்ளினான், குழம்பு தரையில் கொட்டியது.

"நான் சொன்னனா இல்லயா? சொன்னனா இல்லயா? போதும்டி. காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்தக் கேமராவ மொதல்ல வெளிய எறி."

"எறியமாட்டேன். காலேஜையும் நிறுத்தமாட்டேன்."

"புள்ளையத் தொலைச்சிட்டு இந்த வாயி வேறயா?"

"ஆமா, தொலைச்சேன். முப்பத்தஞ்சு நிமிஷம் தொலைச்சேன், செத்தேன். அத யாரும் எனக்குச் சொல்ல வேணாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அன்னைக்கு ரெண்டு மணி நேரம் புள்ளையப் பாத்துக்கங்கன்னு கேட்டனே, நீங்க எங்க இருந்தீங்க?"

டி.வி. மேல் எவர்சில்வர் டப்பா அப்படியே இருந்தது, நானும் அதைப் பார்த்தேன், அவனும் பார்த்தான். எழுந்து கேமராவை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

குழம்பைத் துடைத்தேன். மெர்லி துணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து கேமராவை எடுத்தேன். அவன் ஷூ போட்டுக்கொண்டே பார்த்தான். நான் இறங்கும்போது ஸ்டூல் ஆடியது, ஒரு கையால் பிடித்தான்.

தாளை சாரிடம் கொடுத்தேன். குழந்தையின் பெயர்: மெர்லின். பெற்றோர்: ஜெனிட்டா. உறவு: தாய்.

சார் படித்தார், மறுபடி படித்தார். பைரவி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தெரியாதுன்னு சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன் சார். அந்த ஏழு படம் கை பட்டு எடுத்தது இல்ல. தேடி ஓடினப்ப அமுங்கினது."

படத்துக்கு 'மௌனம்' என்று தலைப்பு வைத்திருந்ததாகச் சார் சொன்னார், வேண்டுமானால் மாற்றலாம் என்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'இந்தக் குழந்தையின் அம்மா படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.' அம்மா என்ன பண்ணிக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்கு வகுப்பில் கேட்டீர்களே, பதில் இருக்கட்டும்.

"நிச்சயமாவா?" என்றார்.

"அப்படியே போகட்டும் சார்."

பிப்ரவரி 8, சனி

இரண்டாம் சனி. ஒரு வாரமாகப் பேசாதவன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். "மேட்ச்சுக்குப் போகல. புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ போறதுன்னா போ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இதே வாக்கியத்தைச் சரியாக நாலு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் படமும் வந்திருக்காது, அது வேறு விஷயம்.

மெர்லி வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். மார்க்கெட்டுக்கும் வர மாட்டேன் என்றாள். அம்மாவோடு மட்டும் வருவாளாம், ஆனால் மார்க்கெட் வேண்டாமாம். அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"சட்டம் மாத்தியாச்சு மெர்லி. இனிமே அம்மா கண்ணுல கேமரா இருந்தா நீ கத்தணும். அம்மா திரும்பிப் பாக்கற வரைக்கும் கத்தணும்."

"சத்தமாவா?"

"தொண்டை கிழியக் கத்து."

"ஆளுங்கல்லாம் திரும்பிப் பாப்பாங்களே? படம் செத்துப் போயிருமே?"

"போகட்டும்."

அப்படியென்றால் வருகிறேன் என்றாள். மூன்று பேரும் மார்க்கெட்டுக்கே போனோம். அவள் ஒரு கையை ராஜ் பிடித்துக்கொண்டான், இன்னொரு கையில் என் துப்பட்டா. வெங்காய மண்டி வாசலில் இரண்டு மூட்டைக்காரர்கள் ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் மூட்டைச் சுவர், பக்கவாட்டில் நல்ல வெயில். கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"அம்மாஆஆ!"

மண்டியே திரும்பியது. மூட்டைக்காரர்கள், தராசுக்காரர், சைக்கிளில் போனவர், கொத்தமல்லி அக்கா, மேலே ஜன்னலில் ஒருவர். இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் லென்ஸைப் பார்த்தார்கள். பாதிப் பேர் பல்லைக் காட்டினார்கள். எடுத்தேன், உடனே திரும்பினேன். கை இரண்டும் பிடித்த இடத்தில் இருக்க, மெர்லி வாயைத் திறந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

தெருப்படம் என்று பார்த்தால் சுத்தக் குப்பை. சாரிடம் காட்டினால் கார்டைத் தூக்கி எறிவார். அழிக்கவில்லை.